கன்மலையின் கீழே

பதுளையிலிருந்து பசறைக்கும் லுணுகலைக்கும் போகிற வழியிலும், தெமோதரை தாண்டி அப்புத்தளைப் பக்கம் ஏறுகிற வழியிலும் உள்ள தோட்டங்களில், சைவக் குடும்பங்களுக்கு நடுவே, அதே லயத்தில், அதே தகரக் கூரையின் கீழ், கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவும் இருக்கும். அந்த வீட்டுக் கதவில் அல்லது சுவர்க் கலண்டரில் ஒரு சங்கீத வசனம் இருக்கும். பெரும்பாலும் அது பாதுகாப்பைப் பற்றிய வசனம்தான். கர்த்தர் கேடகம், கோட்டை, உயர்ந்த அடைக்கலம், அசையாத கன்மலை என்று அது சொல்லும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, கால் கழுவி, விளக்கேற்றி ஜெபத்துக்கு உட்கார்ந்தால், அந்த வீட்டுப் பெண் தன் சத்துருக்களைப் பற்றியும் பாடுகிறாள். தனக்கு விரோதமாக எழும்புகிறவர்கள் இடறி விழுவார்கள் என்றும், கடவுள் தன்னை உயரத்தில் நிறுத்துவார் என்றும் பாடுகிறாள். பாட்டின் முதல் சொந்தக்காரன் ஓர் அரசன். அவன் அதைப் படைத்தலைவர்கள் புடைசூழப் பாடியிருக்க வேண்டும். அவன் பாட்டை இன்று நாட்சம்பளத்துக்காரி ஒருத்தி பாடுகிறாள்.

அந்தப் பாட்டு இந்த மலைக்கு எப்படி வந்தது, வந்த பிறகு இங்கே என்ன அர்த்தம் பெற்றது என்று யோசிக்கும்போது, அது பக்தியோடு மட்டும் முடிகிற விஷயமாகத் தெரியவில்லை. யாரைக் காப்பாற்ற வேண்டும், எதிரி யார், காப்பாற்றுகிற கடமை யாருடையது என்று நாம் நினைத்து வந்திருப்பதெல்லாம் அதற்குள் கிடக்கிறது.

சங்கீதப் புத்தகத்திலுள்ள 150 பாட்டுகளில் பத்துக்கும் மேற்பட்டவை நேரடியாக அரசனைப் பற்றியவை. இரண்டாவது பாட்டில் பூமியின் ராஜாக்கள் கூடிச் சதி செய்கிறார்கள். வானத்தில் வீற்றிருப்பவர் அதைப் பார்த்து நகைத்து, சீயோன் மலையில் தான் அபிஷேகம் பண்ணி வைத்த அரசனைக் காட்டுகிறார். பதினெட்டாவது பாட்டில் தாவீது ஆபத்தில் கூப்பிட, பூமி அதிர்ந்து, மின்னல்கள் அம்புகளாகப் பறந்து அவன் பகைவர்களைச் சிதறடிக்கின்றன. இதே பாட்டு சாமுவேலின் இரண்டாம் புத்தகத்திலும் உண்டு. இருபதாவது பாட்டு போருக்குப் போகிற அரசனுக்காக மக்கள் செய்யும் வேண்டுதல், இருபத்தோராவது அவன் வென்று வந்தபின் பாடும் நன்றி. நூற்றுப்பத்தாவதில் எதிரிகள் அவன் பாதபடியாகிறார்கள். தேரையும் குதிரையையும் நம்பாத சிறிய நாடு ஒன்று, எகிப்துக்கும் அசீரியாவுக்கும் நடுவே நின்றுகொண்டு பாடிய பாட்டுகள் இவை. அந்தச் சிறுமையை மனதில் வைத்துப் படித்தால்தான் இவற்றின் உரத்த குரலை மன்னிக்க முடியும்.

ஆனால் இந்தப் பாட்டுகளை நம்பத்தக்கவையாக ஆக்குவது அவற்றின் வெற்றி முழக்கம் அன்று. அவற்றுக்கு நடுவே எண்பத்தொன்பதாவது பாட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. அது முதலில் தாவீதோடு கடவுள் செய்த உடன்படிக்கையை நீளமாகச் சொல்கிறது: அவன் சிங்காசனம் சூரியனைப்போல நிலைக்கும், எந்தப் பகைவனும் அவனை நெருக்கமாட்டான். பிறகு ஒரு கட்டத்தில் குரல் உடைந்து, கடவுளையே பார்த்துக் கேட்கிறது. நீர் கிரீடத்தைத் தரையில் தள்ளினீர், மதில்களை இடித்தீர், அவன் எதிரிகளின் வலதுகையை உயர்த்தினீர், பழைய கிருபை எங்கே என்று. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியப் படை எருசலேமைத் தகர்த்தபோது, கடைசி அரசன் சிதேக்கியாவின் கண்ணெதிரே அவன் பிள்ளைகளை வெட்டி, அதன் பிறகே அவன் கண்களைப் பிடுங்கி, விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். காக்கப்படுவான் என்று வாக்குப் பெற்றிருந்த வம்சத்தின் முடிவு அது. வாக்கைப் பாடிய பாட்டையும், வாக்கு பொய்த்ததென்று அழுத பாட்டையும் அந்த மக்கள் ஒரே புத்தகத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். அரசன் போனபின் பாட்டு அரசனில்லாதவர்கள் கைக்கு வந்தது. வரப்போகிற ஓர் அரசனுக்காகச் சிலர் அதை வைத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்கள் அதை இயேசுவுக்கு உரியதென்று படித்தார்கள். எளியவர்கள் தங்கள் நெஞ்சுக்கே சொந்தமாக்கிக்கொண்டார்கள். லயத்துப் பெண்ணின் மாலை ஜெபம் அந்தக் கடைசி வழியில் வந்தது.

தெய்வம் தேர்ந்தெடுத்த அரசன் என்ற எண்ணம் ஊவாவுக்கு வேதப் புத்தகத்தோடு வந்ததன்று. இந்த மண்ணில் அது முன்பே இருந்தது, அதற்கான விலையும் இங்கேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. 1630 ஓகஸ்டில் போர்த்துக்கேயப் படைத்தலைவன் கொன்ஸ்தந்தீனோ டி சா ஊவாவுக்குள் வந்து பதுளையை எரித்தான். திரும்புகிற வழியில், வெல்லவாயவை அடுத்த ரந்தெனிவெலவில், கண்டிப் படை அவனைச் சூழ்ந்துகொண்டது. பெருமழையில் வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் வாய் அடைத்துப்போயின என்று வரலாறு சொல்கிறது. டி சா அங்கேயே மாண்டான். சிலுவைக்கொடியோடு வந்தவனும் கடவுளின் காவல் தன்மேல் இருப்பதாகவே நம்பியிருப்பான். எதிரே நின்றவர்களும் மழையில் தங்கள் தெய்வத்தின் கையைக் கண்டிருப்பார்கள். ஆனால் மழைக்கு முன்பே தீர்மானித்த ஒன்று உண்டு. டி சாவுடன் வந்த சிங்கள முதலிமார் இரகசியமாகக் கண்டியரசனோடு பேசி வைத்திருந்து, களத்தில் பக்கம் மாறினார்கள். வென்றவன் வானத்தைக் காட்டுகிற இடத்தில் பெரும்பாலும் மனிதர்களின் முடிவு ஒன்று மறைந்து கிடக்கிறது.

1815ல் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற பெயரில் பிறந்த நாயக்க வம்சத்தவன், பெப்ரவரி 18ஆம் திகதி மெதமகாநுவரப் பக்கம் பிடிபட்டான். பன்னிரண்டு நாள் கழித்து, மார்ச் 2ல், அவனுடைய பிரதானிகளே பிரித்தானியரோடு உடன்படிக்கை செய்து அவனையும் அவன் வம்சத்தையும் அரசுரிமையிலிருந்து நீக்கினார்கள். புத்தரின் புனித தந்தமான தலதாவும் தேவாலயங்களும் காத்து நின்ற சிங்காசனம் ஒரு காகிதத்தில் கைமாறியது. அவனை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832ல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் கல்லறையைத் தமிழக அரசு முத்துமண்டபமாகக் கட்டி வைத்திருக்கிறது.

இரண்டு ஆண்டுதான் சென்றது. 1817ல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் ஒருவன் தோன்றினான். முன்பு பிக்குவாக இருந்த வில்பாவே என்பவன் அவன். தான் துரைசாமி என்றும், நாடுகடத்தப்பட்ட நாயக்க அரச குடும்பத்தைச் சேர்ந்தவன் என்றும், கதிர்காமத் தெய்வமே தன்னை அரசனாகத் தேர்ந்தெடுத்தது என்றும் அவன் சொன்னான். மக்கள் நம்பினார்கள். நம்பக் காரணமும் இருந்தது. பழைய அரசனை வெறுத்தவர்கள்கூட, தாங்கள் யாரென்றே தெரியாத ஓர் ஆட்சியின் கீழ் வந்துவிட்டதை அதற்குள் உணர்ந்திருந்தார்கள். நிலைமையை விசாரிக்கப் போன பதுளையின் பிரித்தானிய உதவி வதிவிட அதிகாரி வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். கலகத்தை அடக்க அனுப்பப்பட்ட ஊவாவின் திசாவை கெப்பெட்டிப்பொல, தனக்குத் தந்த துப்பாக்கிகளைத் திருப்பியனுப்பிவிட்டுக் கலகக்காரர் பக்கம் சேர்ந்தார். 1818ல் வில்பாவேக்கு முடிசூட்டலும் நடந்தது. பிறகு அவன் அரச வம்சத்தவன் அல்லன் என்பது வெளிவந்தது. கலகத் தலைவர்களில் ஒருவரான மடுகல்லேயே அவனைப் பிடித்துத் தொழுவில் மாட்டினார். கலகக்காரர் கைக்கு வந்திருந்த புனித தந்தம் திரும்பவும் பிரித்தானியர் கைக்குப் போனது. ஆயுதங்களைவிட அந்தச் செய்தியே மக்களின் மனத்தை அதிகம் உடைத்தது என்று அக்காலத்துப் பதிவுகள் கூறுகின்றன. தந்தம் யாரிடமோ ஆட்சி அவருக்கு என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையே இப்போது பகைவனுக்குச் சாட்சி சொன்னது. 1818 நவம்பர் 26ல் கெப்பெட்டிப்பொலவின் தலை கண்டியில் வெட்டப்பட்டது.

அரசன் பொய்யன், ஆனால் அவனுக்காக எழுந்தவர்களின் துயரம் பொய்யன்று. ஊவாவில் நடந்த அடக்குமுறை கடுமையானது. ஊர்கள் எரிந்தன, நெல் அழிந்தது, கால்நடைகள் கொல்லப்பட்டன, பஞ்சமும் நோயும் பின்தொடர்ந்தன. தெய்வம் காக்கும் என்று சொன்னவன் காட்டில் ஒளிந்து பல ஆண்டு உயிரோடிருந்தான். நம்பியவர்களின் வயல்கள்தாம் கருகின. அன்று தேசாதிபதி பிரவுன்றிக் துரோகிகள் என்று அறிவித்த 19 பேரை, 2016ல்தான் அரசாங்கம் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கித் தேசிய வீரர்கள் என்றது. துரோகி வீரனாவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு பிடித்தது. பட்டியலிலேயே பெயர் இல்லாத குடியானவர்கள் எத்தனை பேரோ, அவர்களை எதிலிருந்தும் நீக்கத் தேவையிருக்கவில்லை.

அந்தக் கலகத்துக்கு அடுத்த இருபது முப்பது ஆண்டுகளுக்குள் கோப்பி வந்தது, கோப்பியோடு தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். 1854ல் அவர்களுக்கென்று தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரிலேயே ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. தோட்டத்துரைமாரின் ஆதரவும் அதற்கு இருந்தது. உபதேசியார்கள் லயம் லயமாக நடந்து வேதம் படித்துக் காட்டினார்கள், எழுத்தறியாதவர்கள் சங்கீதங்களைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். அந்த உபதேசியார்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. தலைமுறைகளாக நம்மவர் பலருக்கு வாசிக்கக் கற்றுத்தந்த முதல் கை அவர்களுடையது. ஆனால் அந்தச் சபையின் அன்றைய ஜெபப் புத்தகத்தில் ஆளும் அரசருக்கான வேண்டுதலும் இருந்தது. அவருக்கு நீடிய வாழ்வும், சகல எதிரிகள்மேலும் வெற்றியும் தரும்படி அது கேட்டது. சீயோனின் சிறு அரசனுக்காகப் பிறந்த வேண்டுதல், உலகில் கால்வாசியை ஆண்ட முடிக்காக, அந்த முடியின் கீழ் இருந்தவர்களிலேயே மிகக் கீழே இருந்தவர்களின் வாயால் சொல்லப்பட்டது. அரசருடைய எதிரி யார் என்று பிரட்டுக்களத்தில் நின்றவனிடம் யாரும் கேட்கவில்லை. அவனுடைய எதிரி அட்டையும் மலேரியாவும் கங்காணியின் கடன்கணக்கும்.

பதுளை நகரத்தில் 1857ல் எழுந்த புனித மாற்கு ஆலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்டது. ஊவாவை நிர்வகித்த அதிகாரி அவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்றவர். 1845 யூனில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அத்தனை யானைகளைக் கொன்றதற்குத் தெய்வம் கொடுத்த தண்டனை என்று இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். சொல்லும்போது நம் மனத்தில் ஒரு திருப்தியும் இருக்கும். தாவீதின் பகைவர்மேல் பறந்த அதே மின்னல் கடைசியில் சரியான ஆளைக் கண்டுபிடித்துவிட்டது என்ற திருப்தி.

அந்தத் திருப்தியை நாம் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்ப்பது நல்லது. வானத்திலிருந்து விழுவதைத் தீர்ப்பென்று படிக்கத் தொடங்கினால், அதை நமக்கு விருப்பமான இடத்தில் மட்டும் படிக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில், பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், மலை இறங்கி லயங்களை மூடியது. கோயிலும் கடையும் மனிதர்களும் ஒரே சேற்றுக்குள் போனார்கள். பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. முன்பே பாடசாலைக்குப் போய்விட்டதால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அங்கே புதைந்தவர்களுக்குள் தினமும் தெய்வத்தைக் கன்மலை என்று கூப்பிட்டவர்களும் இருந்திருப்பார்கள், கதிர்காமத்துக்கு நடந்து போய் வந்தவர்களும் இருந்திருப்பார்கள். ரொஜர்ஸின் மின்னல் நீதியென்றால் இந்த மண் என்ன? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் துணிகிற எந்தச் சாமியாரையும் போதகரையும் நாம் நம்பக்கூடாது. எண்பத்தொன்பதாவது சங்கீதத்தை எழுதியவன் பதில் சொல்லவில்லை, கேட்டான். அவ்வளவு நேர்மையாவது நமக்கு வேண்டும்.

மேலும், மீரியபெத்தையில் வானத்திடம் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரித்த பிறகும் அந்த மக்கள் அங்கேயே இருந்தார்கள். போகச் சொன்னார்கள் என்று பிறகு கூறப்பட்டது. போவதற்கு எங்கே காணி, யாருடைய பெயரில் வீடு, அங்கிருந்து மலைக்கு வேலைக்கு எப்படி வருவது என்பதைச் சொன்னார்களா? தோட்டத்து லயத்தில் பிறந்து அங்கேயே சாகிறவனுக்குத் தான் படுக்கிற நிலம் சொந்தமில்லை. கம்பனி குத்தகைக்காரன், நிலம் அரசாங்கத்தினுடையது, சேற்றுக்குள் போனது மட்டும் அவனுடையது. தப்பியவர்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கிய பிறகே மாக்கல்தெனியவில் வீடுகள் கிடைத்தன. பதினொரு ஆண்டு கழித்து, 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது, பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் பல இடங்களில் சரிந்தன.

நமக்கு எதிரி இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்த மலைகளில் பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலாரை ஒரே ஏட்டில் நாடற்றவர்களாக்கியது. 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 975,000 பேரைக் கணக்குப்போட்டுப் பிரித்தார்கள்: 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மீதிப் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. அந்தக் கணக்கில் உட்பட்ட யாரிடமும் விருப்பம் கேட்டு அது எழுதப்படவில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் கோச்சி ஏறி, தலைமன்னார் வழியாகப் போனவர்களில் பலர் ஒருபோதும் பார்த்திராத ஊர்களுக்கு ‘திரும்பி’ப் போனார்கள். அவர்களை அனுப்பியவர்கள் மூர்க்கர்கள் அல்லர். படித்தவர்கள், நாகரிகமானவர்கள், அவரவர் மதத்தில் பக்தியுள்ளவர்கள். சங்கீதம் சொல்கிற சத்துருவுக்கு வில்லும் வாளும் இருந்தன, வருவது தெரிந்தது. நம்முடைய சத்துருவின் கையில் கோவை இருந்தது, அது வருவது நமக்குத் தெரியவில்லை. மாலை ஜெபத்தில் சத்துரு என்று சொல்லும்போது பக்கத்து லயத்துச் சண்டைக்காரியின் முகமோ, சூனியம் வைத்ததாகச் சந்தேகிக்கிற உறவினரின் முகமோதான் நம் கண்முன் வருகிறது. அமைச்சு ஒன்றின் மேசையில் பத்து ஆண்டாக அசையாமல் கிடக்கும் இடமாற்றப் பட்டியல் வருவதில்லை.

இங்கேதான் எழுபத்திரண்டாவது சங்கீதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் அரசனுக்கான பாட்டுதான். மற்றவற்றைப்போலவே பகைவர்கள் அவன்முன் மண்ணை நக்குவார்கள் என்கிறது, தூரத்து ராஜாக்கள் காணிக்கை கொண்டுவருவார்கள் என்கிறது. ஆனால் ஏன் அப்படி என்பதற்கு அது ஒரு காரணமும் சொல்கிறது. கூப்பிடுகிற எளியவனையும் உதவியற்றவனையும் அவன் விடுவிக்கிறான், அவர்களுடைய இரத்தம் அவன் பார்வையில் அருமையானது, ஆகையால் அவன் நிலைப்பான். ஆட்சியாளனுக்குக் கிடைக்கிற காவல், அவன் அடுத்தவருக்குக் கொடுக்கிற காவலின் பொருட்டே. இந்த ‘ஆகையால்’ இல்லாவிட்டால் மற்ற அரச சங்கீதங்கள் அனைத்தும் அதிகாரத்தின் மேல் தெளிக்கப்படும் வாசனைத் தண்ணீராக மட்டுமே மிஞ்சும். கண்டியின் பிரதானிகள் தந்தத்தின் முன் நின்றபோதும், வில்பாவே கதிர்காமத்தின் பெயரைச் சொன்னபோதும், ஏகாதிபத்தியத்தின் சபை அரசருக்காக முழங்காலிட்டபோதும், பாட்டின் முதல் பாதி வைத்துக்கொள்ளப்பட்டது, அந்த ‘ஆகையால்’ கைவிடப்பட்டது.

இன்றும் அது அப்படியே நடக்கிறது. தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் ஆலயத்துக்கு வருவார்கள், கோயிலுக்கு வருவார்கள், பன்சலைக்குப் போவார்கள். எல்லா இடத்திலும் அவர்களுக்கு மாலையும் ஆசீர்வாதமும் கிடைக்கிறது. போதகர் கையை நீட்டி, உங்களுக்கு விரோதமாக உருவாக்கப்படும் எந்த ஆயுதமும் வாய்க்காது என்கிற பாங்கில் ஜெபிக்கிறார். ஐயர் அர்ச்சனை செய்து நூல் கட்டுகிறார். லயத்துச் சனம் நின்று ஆமென் சொல்கிறது, அரோகரா சொல்கிறது. காக்கப்பட வேண்டியவர்கள், ஏற்கெனவே மெய்க்காவலரோடு வந்து நிற்கிறவர்களின் காவலுக்காக வேண்டுகிறார்கள்.

அந்த மாலை ஜெபத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு உரிமையில்லை, மனமும் இல்லை. நாடும் சட்டமும் கம்பனியும் ஒரு பெண்ணை எண்ணாமல் விட்டபோது, அவள் ஓர் அரசனின் பாட்டை எடுத்து, நானும் காக்கப்பட வேண்டியவள்தான் என்று தினமும் சொல்லிவந்திருக்கிறாள். எழுதப்பட்ட எந்த அரசியல் சாசனத்திலும் இல்லாத உரிமையை அவள் அங்கே எடுத்துக்கொண்டாள். குறை அவள் ஜெபத்தில் இல்லை. அவள் கேட்டதை மனிதர் நிறைவேற்ற வேண்டிய பங்கு நிறைவேறாமல் இருக்கிறது.

ஆகவே பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் ஆலயங்களையும் கோயில்களையும் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் அமைச்சரோ வேட்பாளரோ ஆசி கேட்டு உங்கள் முன் வந்து நின்றால், தாராளமாக ஆசி கொடுங்கள். அவர் எதிரிகளிடமிருந்து அவரைக் காக்கும்படியும் வேண்டுங்கள். வேண்டி முடித்த பின், ஆலயமென்றால் எழுபத்திரண்டாவது சங்கீதத்தை முழுவதும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு, ஆபத்தென்று குறிக்கப்பட்ட சரிவுகளில் இன்னும் இருக்கிற தோட்டத்துக் குடும்பங்களின் பட்டியலை அவர் கையில் கொடுத்து, இவர்கள் எந்தத் திகதிக்குள், எந்தக் காணிக்கு, யாருடைய பெயரில் எழுதிய உறுதியோடு மாற்றப்படுவார்கள் என்று சனத்தின் முன்னால் கேளுங்கள். அவர் சொல்லும் திகதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.